சிவப்பு நூல் கட்டிய கரண்டி

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் விழுந்தது.
ரூவியில் யாரும் யாரிடமும் லீவு கேட்க வேண்டாம்.
"துக்மிலேர்ந்து குத்தாலிங்கம் வாரானாம்"
என்றார் எட்வின், புதன் இரவு, பல் தேய்த்துக்கொண்டே,
நுரையோடு சொன்னால் கோபம் வராது என்பதுபோல.
(அந்த ஊர்ப்பேரை ரூபி ஓர் எழுத்துக் கூட்டித்
துக்கம் என்றே வாசிப்பாள்.)

பங்காளி.
நாலு தலைமுறைக்கு முன்னால் ஒரே வீட்டில்
அண்ணன் ஞானஸ்நானம் எடுத்தான்,
தம்பி திருநீற்றில் நின்றுவிட்டான்.
சொத்து பிரிந்தது, சாமி பிரிந்தது,
கல்யாண வீட்டுப் பந்தி பிரிந்தது.
மூக்கு மட்டும் இரண்டு பக்கமும்
இன்னும் ஒரே மூக்குதான்.

அதுவும் மார்கழி.
முட்டை விழுந்த கேக்கைத் தொடமாட்டான்.
பிரியாணி தம்மில் கிடக்கும் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில்
சொதி கொதித்தால்
அது சொதிதானா என்று எனக்கே சந்தேகம்.

ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு கரண்டி:
பதினொன்றரை ரியால்.
பில்லை எட்வின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
வாயால் ஒன்றும் சொல்லவில்லை.
சலாலாத் தேங்காய் மூன்று.
முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால்
எனப் பிழிந்து முடிக்கையில் மணி ஒன்றரை.
ரூபியின் சடை ரிப்பனில் ஓர் இழை உருவி
புதுக் கரண்டியின் காம்பில் கட்டினேன்.
"இதை அந்தப் பக்கம் கொண்டுபோனா
கை இருக்காது" என்று வீட்டுக்கே அறிவித்தேன்.
ஜன்னலைத் திறந்து வைத்தேன்.
இந்த ஊரில் ஜன்னலுக்கு
வருஷத்தில் மூன்று மாசம்தான் உத்தியோகம்.

வந்தான். ஆறு மணி நேரப் பஸ்.
இரும்பு முனை ஷூவை வாசலில் கழற்றி
சாக்ஸை அதற்குள் திணித்துவிட்டு
ஒரு டப்பா பேரீச்சம்பழத்தை
யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றான்.

எட்வின் பாசத்தில்
பிரியாணிக் கரண்டியைச் சொதிக்கு நீட்டினார்.
நான் போட்ட சத்தத்தில்
ரூபி தண்ணீரைக் கொட்டினாள்.

அவன் புதுக் கரண்டியை எடுத்து
நூலைப் பார்த்தான்.
"இது எதுக்கு மதினி?"
"உங்களுக்குத்தான். கலந்திரக் கூடாதுல்லா."

கொஞ்ச நேரம் சாப்பிடவில்லை.
பிறகு சொன்னான், சொதியிடம் சொல்வதுபோல:
"கேம்ப் மெஸ்ல எல்லாத்துக்கும் ஒரே கரண்டிதான்.
மொத மாசம் குபூஸும் தயிரும்.
ரெண்டாம் மாசம் மயங்கி விழுந்தேன்.
பொறவு துண்டை ஒதுக்கிட்டு
குழம்பை மட்டும் ஊத்திக்கிடுவேன்.
ஆறு வருஷமாச்சு.
அம்மைக்குத் தெரியாது."

அப்படியானால் எனக்கெதற்கு
இந்தப் பதினொன்றரை ரியால் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
அதற்குள் அவன் போன் அடித்தது.
கடையத்திலிருந்து, முகம் தெரிகிற அழைப்பு.
"என்னலே சாப்பிட்ட?"

எட்வின் வாயில் எலும்போடு
நாற்காலியைப் படத்துக்கு வெளியே நகர்த்தினார்.
யாரும் சொல்லாமலே ரூபி
தன் கேக்கை மடியில் மறைத்தாள்.
அவன் முகத்தைக் காட்டவில்லை,
கரண்டியைத் தூக்கிக் காட்டினான்.
"தனிக் கரண்டிம்மா. நூல் கட்டிருக்கு, பாரு."

அந்தப் பக்கம் சத்தமில்லை.
நெட் போய்விட்டதென்று நினைத்தோம்.
"அந்தப் பிள்ளைட்ட குடு."

வலது கை முழுக்க மசாலா.
இடது கையால் வாங்கினேன்.
"சொதிய எறக்கி வச்ச பொறவுதானம்மா
எலுமிச்சம்பழம் பிழிஞ்ச?"
"ஆமா அத்தை."

அடுப்பில் இருக்கும்போதே பிழிந்திருந்தேன்.
லேசாகத் திரிந்துதான் கிடந்தது.
மேசையில் எல்லோருக்கும் தெரியும்,
ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை.
குத்தாலிங்கம் மூன்றாம் தடவை ஊற்றிக்கொண்டான்,
நூல் நனையாமல்.